தொட்டிலுக்கு மேலே ஒரு விமானம்

இந்த முறை விமானம் விழாது, விழுந்தால் தன் பெயரையே மாற்றிக்கொள்வதாக விமானி சபதம் செய்தார். அதில் அவருக்கு நஷ்டமில்லை. விமானி என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர்தான். பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில்.

அவருடையது பொம்மை விமானம். ஆனால் நிஜ எஞ்சின். இறக்கையிலிருந்து முடி போன்ற இரண்டு கம்பிகள் நீளும். அவற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் நின்றால் ஆளைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். ஒரு கம்பியை இழுத்தால் வால் மடல் நிமிரும். மற்றதை இழுத்தால் குனியும். போன வாரம் மடல் இறுகிக்கொண்டதில் நேராகத் தரையில் குத்தியது.

ஒடிந்த இறக்கையை ஒட்டினார். கீலுக்கு எண்ணெய் விட்டு, மூச்சுப் பட்டாலே மடல் அசையும்படி செய்தார். பசை காய, குழந்தையின் தொட்டிலுக்கு நேர் மேலே ஒரு கொக்கியில் தொங்கவிட்டார். கம்பி முறுக்கிக்கொள்ளாமலிருக்க வெண்டிலேட்டர் வழியே நீட்டி, கைப்பிடியைச் சமையலறை ஆணியில் மாட்டினார்.

"ஏங்க, பிள்ளை தலைக்கு மேல இந்தச் சனியனைத் தொங்கவிடணுமா?" என்றாள் மனைவி. "அறுந்து விழுந்தா?"

"விழாது. வீட்லயே ஈரமில்லாத ரூம் இதுதான்."

"அதனாலதான் பிள்ளைய இங்க போட்டிருக்கேன். கொட்டகையில வைங்களேன்."

"கொட்டகையில எலி."

"சரி."

ஒரே வார்த்தையில் அவள் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி மேலே பார்த்தது. வால் மடல் மெல்ல நிமிர்ந்தது. நின்றது. குனிந்தது. தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோலக் குழந்தை சிரித்தது.

"இங்க வாயேன். வால் தானா ஆடுது."

மடல் அடங்கிவிட்டது. அவள் வந்து நின்றாள். "மூச்சுப் பட்டாலே ஆடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் மூச்சே விடலையே."

"அப்ப யாரு மூச்சோ" என்று குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

கீலை இறுக்கிப் பார்த்தார். அப்படியும் ஆடியது. பிறகு ஒரு காலையில், விமானத்தின் மூக்கில் படுக்கையாக இருந்த விசிறி நெட்டுக்குத்தாக நின்றது. விரல் நோகச் சுண்டினாலும் லேசில் திரும்பாத விசிறி அது. விமானி மறுபேச்சில்லாமல் கம்பிகளைக் கழற்றினார். விமானத்தைக் கொட்டகையில் போட்டுவிட்டு, கம்பியைச் சுருட்டச் சமையலறைக்குள் நுழைந்தார்.

மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடியில் ஒரு நாடா. நாடாவின் மறுமுனை அவள் கால் கட்டைவிரலில்.

"ஓகோ" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. "காலாலயே ஓட்டியிருக்க. இப்பவே போய் எடுத்துட்டு வந்து அதே கொக்கியில மாட்டுறேன் பாரு. விசிறியைத் திருப்புனதும் நீதானா?"

அவள் கையிலிருந்த கத்தி நின்றது.

"வாலு மட்டும்தாங்க நான். விசிறிக்கு ஏது கம்பி? நான் அதைத் தொட்டதே இல்ல."

அறைக்குள் குழந்தை சிரித்தது. எட்டிப் பார்த்தார்கள். அது வெறும் கொக்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

விமானி கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார். "அது கொட்டகையிலயே இருக்கட்டும்."

"கதவைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கீங்க. போய் சாத்திட்டு வாங்க."

"நீயும் கொஞ்சம் துணைக்கு வர்றியா?"