மூக்கால் படிப்பவர்

மெத்தைக் கடை மேலாளர் இறந்துவிட்டார் என்ற செய்தி பிற்பகல் மூன்றே முக்காலுக்கு அவர் மனைவிக்கு வந்தது. பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள் அவள். போனைக் கீழே வைத்ததும் அவள் செய்த முதல் காரியம், மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தது. கிராம்பு எண்ணெய் வாடை வந்தது. கனவில் வாடை வராது என்று அவள் புருஷன் சொல்லியிருக்கிறார். ஆகவே இது கனவு இல்லை.

பதற வேண்டாம், வாசகரே. ஒப்பாரி வைக்க இங்கே யாரும் உட்காரவில்லை. ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. உலகத்தில் கண்ணால் பார்த்து நம்புகிறவர்கள் உண்டு, காதால் கேட்டு நம்புகிறவர்கள் அதைவிட அதிகம் உண்டு. இவர்களுக்கு நடுவே, மூக்கால் படிப்பவர்கள் என்றொரு சிறு கூட்டமும் வாழ்கிறது. பால் பாத்திரத்துக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்ப்பார்கள், கழற்றிப் போட்ட காலுறையை எடுத்து மோந்து "இன்னும் ஒரு நாள் தாங்கும்" என்று தீர்ப்புச் சொல்வார்கள், புதுப் புத்தகத்தைத் திறந்து படிக்காமல் மூக்கில் வைத்துக்கொள்வார்கள், லிஃப்டுக்குள் நுழைந்ததும் முன்னால் போனவர் யார், எந்தச் சோப்புப் போடுகிறவர், வெங்காயம் தின்றாரா இல்லையா என்று ஒரு வாழ்க்கை வரலாறே சொல்வார்கள். கேட்டோமா? இல்லை. நிறுத்துவார்களா? மாட்டார்கள்.

சாதாரண மூக்கர் பாலோடு நின்றுவிடுவார். மெத்தைக்காரர் நிற்கவில்லை. காரணம், அவர் கல்லூரியில் விலங்கியல் படித்திருந்தார். விலங்கியலுக்கும் மெத்தைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கடையில் செலவாகாத படிப்பு முழுவதும் வீட்டில் செலவானது.

"உசுருள்ளது எல்லாம் வாசனையாலதான் பேசுது. நாமதான் வாயை வச்சுக்கிட்டு வீணாப் போனோம்" என்பார். இதைச் சொல்ல அவர் வாயைத்தான் பயன்படுத்தினார், நாள் முழுக்க. தெருநாய் விளக்குக் கம்பத்தை மோந்துகொண்டு நின்றால் ஒதுங்கி நின்று, "பேப்பர் படிக்குது, தொந்தரவு பண்ணக் கூடாது" என்பார். நாய் காலைத் தூக்கியதும், "பதில் எழுதிடுச்சு. இனி நாம போகலாம்" என்று நகர்வார். பக்கத்து வீட்டில் புல் வெட்டினால் அந்த வாசனையை எல்லோரும் ரசிக்கும்போது இவர் முகம் மட்டும் வாடும்.

"அது வாசனை இல்லை, ஆபத்து ஆபத்துன்னு புல்லு அலறுது."

"அலறினா அலறட்டும், ஜன்னலைச் சாத்திட்டு வந்து சாப்பிடுங்க" என்பாள் மனைவி.

அவள் தம்பி ஒருநாள் பூங்காவில் வாழைப்பழத்தை உரித்தான். மெத்தைக்காரர் பாய்ந்து பிடுங்கி எறிந்தார். தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களைக் கூப்பிட விடுகிற வாசனை அச்சாக வாழைப்பழ வாசனையாம். தூரத்து மரத்தில் ஒரு கூடு இருந்ததாம்.

"அத்தான், தேனீ கொட்டினா எனக்கு ஒரு நாள் வலிக்கும். உங்களோட வந்தா வாரம் பூரா வலிக்குது" என்றான் தம்பி.

கடையிலும் இதே கதைதான். மெத்தை வாங்க வரும் தம்பதி பக்கத்தில் போய் மெல்ல மூச்சை இழுத்துவிட்டு, ஊழியர் காதில், "சண்டை போட்டுட்டு வந்திருக்காங்க, வியர்வையே சொல்லுது. ரெண்டு தனிக் கட்டிலைக் காட்டு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சண்டை போடாமல் மெத்தை வாங்க வந்த தம்பதி எங்கே இருக்கிறார்கள்?

இந்த இனத்தைத் துக்க வீட்டுக்கு மட்டும் அழைத்துப் போகக் கூடாது. தெருக்கோடித் தையல்காரரின் அப்பா தவறியபோது இவரும் போய் உட்கார்ந்தார். எல்லோரும் பேச வார்த்தை இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரிடம் வார்த்தை இருந்தது.

"எறும்பு செத்தா மத்த எறும்புக்கு உடனே தெரியாதுங்க. செத்த வாடை வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் பக்கத்துலயே வரும், போகும், உசுரோட இருக்கிறதாத்தான் நினைச்சுக்கும். வாடை வந்தப்புறம்தான் தூக்கிட்டுப் போய்க் குப்பையில போடும். அந்த வாடையை உசுரோட இருக்கிற எறும்பு மேல தடவிப் பாருங்க, அதையும் தூக்கிட்டுப் போயிடும். அது காலை உதைச்சாலும் விடாது!"

தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி இவர் தொடையைக் கிள்ளினாள். திரும்பும் வழியில் வெடித்தாள்.

"ஆறுதல் சொல்ல உங்களுக்கு வேற எதுவும் கிடைக்கலையா?"

"இதைவிட ஆறுதல் என்ன இருக்கு? எறும்புக்கு ரெண்டு நாள் டைம் கிடைக்குதில்ல. நமக்கு உடனே தெரிஞ்சு தொலைக்குது."

எறும்பு பற்றி இவ்வளவு பேசினால் எறும்புக்குக் கேட்காதா? வந்தன. சமையலறை ஜன்னலில் ஏறி, சுவரில் இறங்கி, சுவிட்ச் பலகையின் கீழே வளைந்து, அலமாரியில் இருந்த சர்க்கரை டப்பா வரை ஒரு கறுப்புக் கோடு. ஸ்பிரே அடிக்கலாம் என்றாள் மனைவி. கூடவே கூடாது என்றார் அவர். "முதல்ல போன எறும்பு வழி நெடுக வாசனையால எழுதி வச்சிட்டுப் போகுது, பின்னால வர்றது படிச்சுட்டு வருது. படிக்கிறவனை ஏன் கொல்லணும்? எழுத்தை அழிச்சாப் போதும்." ஒரு வாரம் இதைச் சொன்னார். அழிக்கவில்லை. ஒரு காலையில் அவளுக்குப் பொறுமை போனது.

"இன்னைக்கு நீங்க துடைக்கலைன்னா சாயங்காலம் நான் ஸ்பிரேயோடதான் வருவேன்."

அவர் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துச் சர்க்கரை டப்பாவிலிருந்து தொடங்கினார். சுவிட்ச் பலகை வரை வந்ததும் கடிகாரத்தைப் பார்த்துத் துணியை ஆணியில் மாட்டினார்.

"மீதியைச் சாயங்காலம் வந்து முடிக்கிறேன். யாரும் கை வைக்காதீங்க."

"மறந்துட்டு வாங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல், கடையின் காட்சி மெத்தையில் படுத்தார். மேலாளரே தூங்குகிற மெத்தை என்றால் வாங்குகிறவருக்கு ஒரு நம்பிக்கை. ஊழியர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் போனார்கள், வந்தார்கள். ஒரு தம்பதி நின்று பார்த்துவிட்டு, "அவர் படுத்திருக்காரே, அதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப் போனார்கள். பிறகுதான் யாருக்கோ சந்தேகம் வந்தது.

"தூங்குறார்னுதான் நினைச்சோம் அக்கா. ரெண்டு தடவை போர்வையைக்கூட இழுத்து விட்டேன்" என்று போனில் அழுதான் ஊழியன்.

கிராம்பு வாடைக்கு நடுவே அவளுக்கு அந்த எறும்புக் கதை ஞாபகம் வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தாடை மரத்துப்போய் முறைக்காகக் காத்திருந்த நோயாளி திடுக்கிட்டுப் பார்த்தார். என்ன செய்வது? இப்படி ஒரு விஷயம் நடந்தால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாத மனிதர், முதல் தடவையாகச் சும்மா இருந்தார். அவருக்குப் பதில் யாராவது சிரிக்க வேண்டாமா? அப்புறம்தான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போனபின் தம்பி மட்டும் தங்கினான். சமையலறைக்குப் போனவன் கையில் ஸ்பிரேயோடு நின்றான்.

"அக்கா, எறும்பு சுவிட்ச் பலகை வரைக்கும் வருது. அங்க வந்து வழி தெரியாம முழிக்குது. ஒரே அடி, தீர்ந்துடும்."

"கீழ வை."

"ஒண்ணும் ஆகாதுக்கா, வீட்டுக்குள்ள அடிக்கிறதுதான்."

"வைடா கீழே!"

வைத்தான். ஆணியில் காய்ந்து விறைத்திருந்த துணியைப் பார்த்தான். "சரி, துணியாலயே துடைச்சு விட்டுடறேன்."

"அதுவும் வேணாம். வந்து முடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்ல? யாரும் கை வைக்கக் கூடாதுன்னு வேற சொல்லியிருக்கார்."

தம்பி சுவரோரம் குனிந்தான்.

"என்னடா மோந்து பாக்குற?"

"சோப்பு வாசனை இன்னும் இருக்குதுக்கா."

"இருக்கும்" என்றாள்.

இதில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. தீனி கிடைக்காத பாதையை எறும்புகள் கைவிட்டுவிடும். எழுத்து தானாகவே அழிந்துவிடும். இதுவும் அவர் சொன்னதுதான். ஆகவே தம்பி தூங்கப் போனதும் அவள் சுவிட்ச் பலகையின் விளிம்பில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை வைத்தாள். மறுநாளும் வைத்தாள். அவர் வந்து அழிப்பதாகச் சொன்ன எழுத்தை எழுதுகிறவர்களுக்கு இவள் சம்பளம் கொடுக்கிறாள். மூக்கர்களோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தினால் இதுதான் கதி.

நான் அந்த இனமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். இன்று காலை பாலை மோந்தது யார்? போகட்டும், பால் கணக்கில் வராது. இதைப் படிக்கும்போதே நடுவில் எங்கிருந்தோ ஒரு வாசனை, எண்ணெயோ சோப்போ மருந்தோ, உங்களுக்கு வந்ததே, அது யாருடையது என்று இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஜாக்கிரதை. வியாதி இப்படித்தான் தொடங்கும்.

சுவரில் சர்க்கரை டப்பாவிலிருந்து சுவிட்ச் பலகை வரை துடைத்திருக்கிறது. பலகையிலிருந்து ஜன்னல் வரை இன்னும் துடைக்கவில்லை.