ஐந்நூற்று ஐம்பத்திரண்டு வாட்-மணி காணவில்லை

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலை மாலை இரண்டு வேளையும் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. வண்டிக்குத்தான்.

பின்னால் பேச்சு மாறக்கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதிவிடுகிறேன். புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டிக்குள் இருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். கட்டிலில் ஜன்னல் பக்கம் நான், கதவுப் பக்கம் உன் அத்தான், குறுக்குப் பலகையில் அவருடைய அக்கா. நாலாவது ஆள் இல்லை. பூனைகூட வெளியேதான் இருந்தது. ஆகவே கரண்ட் திருடியது இந்த மூன்று பேரில் ஒருவர். நான் இல்லை.

இருபத்தெட்டு வருஷம் தபால் வேன் ஓட்டியவர், ஓய்வு பெற்றதும் சும்மா உட்காருவார் என்று நினைத்தது என் தப்பு. ரொட்டிக் கம்பெனியின் பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, "இனி ஒரு வருஷம் நாம வீட்டுல இல்ல, ரோட்டுலதான்" என்றார். அவருடைய டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இன்சுலின் ராத்திரி பகல் குளிரிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் பயணம் கிடையாது. ஆக எங்கள் ஒரு வருஷமும் அந்தச் சின்ன ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் நீ எலக்ட்ரீஷியன் என்று உன்னிடம் கேட்டேன், நீயும் போனில் பாடம் சொன்னாய், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். "வாட்டை மணியால பெருக்குக்கா, அவ்வளவுதான் கணக்கு. பாட்டரில ஆயிரத்து இருநூறு இருக்கும், ஆனா அறுநூறுக்கு மேல எடுக்காத" என்றாய். மீதி அறுநூறு நம்முடையது, ஆனால் தொடக்கூடாது என்றால் அது எதற்கு என்று கேட்டேன். "நகை மாதிரி வச்சுக்கோ" என்றாய். உடனே புரிந்துவிட்டது.

மாட்டியதைச் சொல்கிறேன், கேள். சோலார் தகடு வைக்க வேண்டிய இடத்தில் உன் அத்தான் ஏற்கெனவே கூரையை வெட்டிக் கண்ணாடி போட்டிருந்தார், படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கவாம். கண்ணாடியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை, அதனால் தச்சர் கண்ணாடிக்கு மேலேயே சட்டம் அடித்து இரண்டு தகட்டையும் உயர்த்தி வைத்தார், ஆக இப்போது படுத்தால் தகட்டின் அடிப்பக்கம் தெரிகிறது. அதோடு வண்டி கேட் வளைவை விட நாலு விரல் உயரமாகிவிட்டது. தச்சர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி சரியாத்தான் இருக்கும்மா, கேட்டுதான் குள்ளம்" என்றார். டயரில் காற்றை இறக்கி, எடைக்காக எங்கள் எல்லோரையும் உள்ளே ஏற்றி, ஒருவழியாகத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். "என்னை எடைக்குத்தான் கூட்டிட்டுப் போறீங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றார் நாத்தனார்.

பிறகு ஆளுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதினேன். உன் அத்தான், "எனக்கென்ன, ஜன்னலைத் திறந்தா காத்து" என்று ஆரம்பித்து ஃபேனில் வந்து நின்றார். நாத்தனார், "என் காது மிஷினுக்குக் கொஞ்சம் போதும்மா" என்றார். பையைத் திறந்து பார்த்தால் முடி உலர்த்தும் மிஷின் ஒன்று, வெந்நீர்ப் பை ஒன்று. "அது தலைக்கு, இது காலுக்கு. ரெண்டும் அஞ்சே நிமிஷம்தான்" என்றார். வீட்டுச் சாமானெல்லாம் பாட்டரியில் ஓட ஒரு இன்வெர்ட்டர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் மாட்டச் சொன்னாயே, அதில் அந்த மிஷினைச் செருகினார். பெட்டி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையை யாரோ அடிக்கிறார்கள் என்று ஓடிவந்தார். இரண்டையும் பறிமுதல் செய்து வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஃப்ரிட்ஜ் முந்நூற்று அறுபது, ஃபேன் நூற்றிருபது, விளக்கு போன் எல்லாம் நாற்பது, காது மிஷின் ஐந்து. ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்நூற்று இருபத்தைந்து. எழுபத்தைந்து மிச்சம்.

அந்த மிச்சத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. மூன்று நாள் வண்டியிலேயே தங்கி ஒத்திகை பார்த்தோம். மூன்று நாளும் விடியற்காலை ஐந்துக்கு, அறுநூறுக்கு மேல் எடுக்கவிடாமல் தடுக்க நீ மாட்டச் சொன்ன காவல் பெட்டி கரண்டை வெட்டிவிட்டது. ஃப்ரிட்ஜ் கீச் கீச் என்றது, ஃபேன் நின்றது, எல்லாம் நின்றது. சாமி படத்துக்கு முன்னால் நான் வைத்திருக்கும் குட்டி பல்பு மட்டும் அணையாமல் எரிந்தது. அந்த இருட்டில் அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எது கைவிட்டாலும் அவன் கைவிட மாட்டான் என்று கும்பிட்டுவிட்டு, விசாரணையை ஆரம்பித்தேன்.

நாத்தனார், "எனக்குக் காதே கேக்கல, கரண்ட் எப்படித் திருடுவேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். உன் அத்தான் அந்தக் குட்டி பல்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான்தான்" என்றார்.

"எவ்வளவு?"

"ஐநூத்தி ஐம்பத்திரண்டு."

"என்ன பண்ணினீங்க?"

"அது எதுக்கு உனக்கு. என் பழக்கம் இனிமே மாறாது. பேசாம இன்னொரு பாட்டரி வாங்கிடலாம்."

திருடினாலும் எண்ணி வைத்துத் திருடியிருக்கிறார், அந்த மட்டும் என்னோடு குடித்தனம் நடத்தியது வீண் போகவில்லை. ஆனால் தம்பி, எனக்குத் தெரியாதா? நான் தூங்கின பிறகு கெட்டில் போட்டுச் சர்க்கரை அள்ளிப் போட்டுக் காப்பி குடிக்கிறார். வேறென்ன பழக்கம் இருக்கிறது அவருக்கு? நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டார். இனி நம்பிப் புறப்பட முடியாது, வண்டியை விற்றுவிடலாம் என்றேன். ரொம்ப நாளாய் அதன் மேல் கண் வைத்திருக்கும் காய்கறிக்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். அன்றிலிருந்து உன் அத்தான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம். நீ அவரைக் கூப்பிட்டுச் சர்க்கரை விஷயமாக நாலு வார்த்தை கண்டித்துச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. உனக்கும் உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோருக்கும் எப்போதும் வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: தம்பி, அவரைக் கண்டிக்காதே. மேலே எழுதியதை அடித்தால் அடித்தல் திருத்தல் ஆகும், கிழித்தால் தாள் வீண், அதனால் இங்கே எழுதுகிறேன். நேற்றுக் கடிதத்தை ஒட்டப் போகும்போது, சாமி படத்தைத் துடைக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் கை விட்டுக் குட்டி பல்பின் பிளக்கைத் தேடினேன். யாரும் எதையும் போடாத நேரத்தில் இன்வெர்ட்டர் பெட்டி சூடாக இருந்தது. நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினால் நீ சொன்னது என் கையெழுத்திலேயே இருக்கிறது: இன்வெர்ட்டர் நேராகப் பாட்டரியில் இருக்கிறது, காவல் பெட்டி அதைத் தடுக்காது, சும்மா போட்டு வைத்தாலே இருபது வாட் தின்னும், வேலை முடிந்ததும் அணைத்துவிடு. குட்டி பல்பு மூன்று வாட். அது எரிவதற்காக இது இருபது வாட்டோடு விழித்துக்கொண்டிருந்திருக்கிறது. இருபத்து மூன்றை இருபத்து நாலு மணியால் பெருக்கினேன். ஐந்நூற்று ஐம்பத்திரண்டு.

சாமிக்கு வைப்பதை நான் என்றைக்குக் கணக்கில் எழுதியிருக்கிறேன்?

நேற்று ராத்திரி சாமியிடம் சொல்லிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன், பெட்டியையும் அணைத்தேன். காலை ஐந்துக்கு ஃப்ரிட்ஜ் ஓடியது. ஏழுக்கும் ஓடியது. உன் அத்தான் எழுந்து மருந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்தார், அணைந்திருந்த பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேத்து நான் ஒண்ணும் எடுக்கல" என்றார்.

காய்கறிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்வெர்ட்டர் இல்லாமல் நேராகப் பாட்டரியிலேயே எரியும் குட்டி விளக்கு கிடைக்குமா, அது எத்தனை வாட் என்று எழுது, இந்தத் தடவை கணக்கில் சேர்த்துவிடுகிறேன். அவர் கையெழுத்துப் போட்ட பக்கத்தை என்ன செய்வது என்றும் எழுது. இதுவரை அந்த நோட்டில் நான் ஒரு தாள்கூடக் கிழித்ததில்லை. சீக்கிரம் பதில் போடு.