சிங்கம் சொன்னபடி பீரங்கி

"சிங்கம் மறுபடி எழுதியிருக்கு, பாத்தியா?" என்றாள் பஹீஜா.

ஷத்லி பார்த்திருந்தான். பார்த்ததனால்தான், லப்லபி என்னும் கொண்டைக்கடலை சூப்புக் கிண்ணத்தில் ரொட்டி ஊறிக் கூழான பிறகும் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

துனிஸில் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் அவர்கள் விண்வெளிச் சண்டைக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். பஹீஜா முதலாளி. ஆடுகிறவன் தன் கப்பலில் எந்த பீரங்கியை எங்கே பூட்டலாம், பூட்டினால் என்ன ஆகும் என்று அமைப்பது ஷத்லியின் வேலை. வெள்ளிக்கிழமை விளையாட்டு வெளியாகிறது. ஓடாவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு, ஷத்லி காபெஸுக்குப் போய் மச்சானின் டயர் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான். மச்சான் ஆவலோடு காத்திருந்தான்.

பாதி முடிந்த விளையாட்டை ஆடிப் பார்க்கச் சொல்லி இலவசமாக வெளியே விட்டதில் பிடித்தது சனி. எத்தனையோ பேர் வாயைத் திறக்காமல் ஆடினார்கள். 'கார்த்தேஜ் சிங்கம்' என்ற பெயரில் ஒருத்தன் மட்டும் தினமும் குறை எழுதினான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சும்மா இருக்கிறவனை மறந்துவிட்டு, கத்துகிறவன் காலில் விழுவார்கள்.

'சுட்டால் கப்பல் பின்னுக்குப் போகாதா? இதுவா நிஜம்?' என்று முதலில் கேட்டான். ஷத்லி பின்னுக்குப் போக வைத்தான்.

"இடது பக்கம் பெரிய பீரங்கி வெச்சேன்," என்றான், ஆடிச் சோதிக்கிற மொன்ஜி. "ஒரு குண்டுதான் போட்டேன். கப்பல் பம்பரமா சுத்துது. எதிரி சுடாம நின்னு வேடிக்கை பாக்குறான்."

எதிர்ப்பக்கம் தள்ளுவதற்கு ஒரு எஞ்சின் வைத்தான் ஷத்லி. சுற்றுவது நின்றது. சிங்கம் எழுதியது: 'அங்கே காற்றே கிடையாது. பீரங்கியின் சூடு எங்கே போகும், உன் மாமியார் வீட்டுக்கா?'

"நியாயமாத்தானே கேக்குறான்," என்றாள் பஹீஜா.

"நியாயம்தான் மேடம். அதான் பயமா இருக்கு."

சூட்டை வெளியேற்ற இறக்கை மாதிரி அகலத் தகடுகள் வைத்தான். எதிரிகள் கப்பலை விட்டுவிட்டுத் தகடுகளைச் சுட்டார்கள். சண்டை வந்தால் தகடு மடங்கும்படி செய்தான். மடங்கியதும் சூடு ஏறி, இரண்டாவது குண்டோடு பீரங்கி நின்றுபோனது. குளிர வைக்கத் தண்ணீர்த் தொட்டி வைத்தான். தொட்டியின் கனத்தில் கப்பல் நகர மறுத்தது.

"இப்ப எப்படி இருக்கு மொன்ஜி?"

"நிம்மதியா இருக்குண்ணே. காலையில பீரங்கி பூட்ட ஆரம்பிச்சேன், சாப்பாட்டு நேரத்துக்கு முடிஞ்சுது. கப்பல் நகரல. எதிரியும் நகரல, அவனுக்கும் தொட்டி இருக்கே. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம். சமாதானம் ஆயிரும் போல."

ஷத்லி கண்ணை மூடிக்கொண்டான். "பழையபடியே மாத்திரலாமா மேடம்?"

"மாத்தினா சிங்கம் ஊரெல்லாம் நாறடிச்சிரும். இப்ப ரெண்டு நாளா வாயத் திறக்கல, அப்ப திருப்திதான். நீ நேர்ல போய்ப் பாரு. வெள்ளிக்கிழமை அவன் ஒரு நல்ல வார்த்தை எழுதினா பொழச்சோம்."

போன மாதம் சிறந்த விமர்சகர் என்று அவனுக்குப் பனியன் ஒன்று பரிசு அனுப்பியிருந்தார்கள். முகவரி பிஸெர்ட்டில் இருந்தது. ஷத்லி ஒரு பெட்டி பக்லாவா இனிப்பு வாங்கிக்கொண்டு, ஷேர் டாக்ஸியில் மூன்று பேருக்கு நடுவே நசுங்கிப் போய்ச் சேர்ந்தான்.

கதவைத் திறந்தவள் அந்தப் பரிசுப் பனியனைப் போட்டுக்கொண்டு தரை துடைத்துக்கொண்டிருந்தாள். சிங்கத்தின் அக்காவாம்.

"தம்பி தூங்குறான். என்ன விஷயம்ணே?"

ஷத்லி பெட்டியை நீட்டினான். "விளையாட்டுக் கம்பெனியிலேர்ந்து வர்றேன். தம்பி சொன்னதெல்லாம் அப்படியே செஞ்சிட்டோம்மா. எந்திரிச்சதும் ஒரு தடவ ஆடிப் பாக்கச் சொல்லுங்க. பிடிச்சிருந்தா ரெண்டு வரி எழுதட்டும். எங்க பொழப்பே அதுலதான் இருக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"எழுதச் சொல்றேன், அதுக்கென்ன. ஆடிட்டு எழுதணும்னாதான் கஷ்டம்ணே. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல உங்க விளையாட்டு திறக்கவே திறக்காது, இவ்வளவு நாளும் அவன் நீங்க நெட்ல போட்ட விளம்பரப் படத்தைப் பாத்துத்தான் எழுதிட்டிருக்கான்."