காபித்தூளில் கழுவிய ஃபிலிம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறை. அதிலும் எப்போதும் அப்பாதான் இருப்பார். குளிக்க இல்லை, ஃபிலிம் கழுவ. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்கில் பழைய போர்வை, சோப்பு வைக்கிற இடத்தில் ரசாயன பாட்டில்கள். ஊரே போனில் படம் எடுக்கிறது, இவர் கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கட்டிக்கொண்டு அழுகிறார். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். படங்கள் அபாரம். எங்கள் தெரு மழைத்தண்ணீரை அவர் எடுத்த படத்தைப் பார்த்தால் நம் கால் நனையும்.

அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: யாரும் கதவைத் தட்டாமல் ஒரு மணி நேரக் குளியல். கல்யாணம் ஆனதிலிருந்து கிடைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றாள்.

"ஏங்க, வெளிய வர்றீங்களா, இல்ல சாப்பாட்டை உள்ள தள்ளட்டுமா?"

"ஃபிலிம் கழுவற டெவலப்பர் கலக்கறேம்மா. விளையாட்டா? மெட்டால், சல்ஃபைட், ஹைட்ரோகுவினோன்... தாத்தா காலத்து ஃபார்முலா. துளி பிசகினா படமே போச்சு."

"இதைவிட நல்லதா நான் அடுப்படியில கலக்குவேன்."

அப்பா சிரித்த சிரிப்பில் வாளி ஆடியது. "பந்தயம்! ஒரு ரோல். பாதி உனக்கு, பாதி எனக்கு. நீ ஜெயிச்சா இனிமே நான் இங்க குளிக்க மட்டும்தான் வருவேன்."

இருட்டில் அவரே ரோலை இரண்டாக வெட்டி, வெளிச்சம் புகாத இரண்டு டப்பாக்களில் சுற்றிவைத்தார். விளக்கைப் போட்டோம்.

அம்மா எடுத்துவந்தது இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, பொடித்த வைட்டமின் சி மாத்திரை. குந்துமணி அளவு பிசகாமல் நிறுத்துக் கலக்கினாள். நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"காபியா? ஃபிலிம் தூங்கிடக் கூடாதுன்னா?"

"உங்க புத்தகத்துலதான் போட்டிருக்கு. நீங்க சிரிச்சுக்கிட்டே திருப்பின பக்கம்."

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் பிழை அவருக்கு ஆறு அடி தூரத்திலேயே தெரியும். தன் குடுவையில் கலக்கிக்கொண்டே அம்மாவுக்குப் பாடம் எடுத்தார்: "மெட்டாலைத்தான் முதல்ல கரைக்கணும். சல்ஃபைட் முந்திக்கிட்டா மெட்டால் ஒழுங்காக் கரையாது, பாத்துக்கோ!" சொல்லிக்கொண்டே சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டினார்.

நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். வாயைத் திறக்கப் போன என் காலை மிதித்தாள்.

குடுவையில் வெள்ளைச் செதில்கள் மிதந்தன.

"என்னங்க, திரிஞ்சுபோச்சா?"

"அது அப்படித்தான் இருக்கும்!" என்று ஃபிலிம் மேல் ஊற்றிவிட்டார். கௌரவம் எதையும் கரைக்கும் என்று நினைப்பு.

படம் அழியாமல் நிலைக்க ஹைப்போ கரைசலில் போட்டு, அலசி, இரண்டையும் கிளிப்பில் தொங்கவிட்டோம். அப்பாவுடையதில் ஆளெல்லாம் ஆவி மாதிரி தெரிந்தார்கள். அம்மாவுடையதில் மரத்தில் இலையை எண்ணலாம்.

அப்பா கோபப்படுவார் என்று பார்த்தேன். அவரோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உருகிப்போனார். "அடிப்பாவி! என்னா தெளிவு! இருவது வருஷத்துல எனக்கு இப்படி ஒண்ணு விழலையே!"

அந்த மனசுக்காகவே அவரை மன்னித்திருப்பேன். மறுநிமிடமே, "தோத்தது என் மருந்துதானே? நாளைக்கு உன் மருந்துல நாலு ரோல் கழுவிடறேன்" என்றார்.

நான் கத்த ஆரம்பித்தேன். அம்மா சிரித்தாள்.

"நீங்க வேணாங்க. கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குல்ல? நானே பாத்துக்கறேன். ஒரு மணி நேரம் ஆகும். கதவை யாரும் தொடாம நீங்க காவல் இருங்க. வெளிச்சம் பட்டா எல்லாம் வீண்."

மறுநாள் காலை பல் துலக்கப் போனால் வாசலில் அப்பா விறைப்பாக நிற்கிறார்.

"ஷ்ஷ்! அம்மா வேலையில இருக்கா."

"தண்ணிச் சத்தம் ரொம்பக் கேக்குதே?"

"அலசறா. உனக்கென்ன தெரியும்? ஃபிலிமை அலசத்தான் பொறுமை வேணும்."

"பாட்டு?"

"நேரத்தைக் கணக்கு வைக்கிறா. மண்டு நான், இந்த யோசனை எனக்கு வரலையே!"

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சோப்பு வாசனை. தலையில் துண்டோடு அம்மா. அப்பா பயபக்தியோடு இரண்டு கையையும் நீட்டினார்.

அம்மா அதில் தன் ஈரத்துணியை வைத்தாள்.

"கிளிப் போட்டுக் காயவைங்க."