அண்ணா கொடுத்தனுப்பிய பைன் கன்று

பேரன்புள்ள அண்ணா அவர்களுக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது. நானும் உங்கள் தம்பி மனைவியும் மகள் குட்டியின் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். நீங்களும் அண்ணியும் நலமா என்று மனதாரக் கேட்கும் நிலையில் இன்று நான் இல்லை. ஆனாலும் முறைக்குக் கேட்கிறேன்.

குட்டிக்கு வனத்துறையில் பதவி உயர்வு வந்த சந்தோஷத்தில், அவள் வீட்டு வாசலில் நடச் சொல்லி உங்கள் தோட்டத்துப் பைன் கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்துக் கொடுத்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "கீழ ஊசி இலையெல்லாம் செவந்திருக்கே அண்ணா" என்று நான் அப்போதே கேட்டேன். "வெயில்டா அது, மலைக்காத்து பட்டா சரியாயிடும்" என்றீர்கள். நீங்கள் சொல்லி நான் எதை மறுத்திருக்கிறேன்?

மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. செடி, விதை, மண், விறகு எதுவும் மேலே போகக்கூடாது என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். இறங்குகிறவர்கள் மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைத்துத்தான் தரையில் கால் வைக்க வேண்டுமாம். நான் பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். படித்து முடித்ததும் தொட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிப் போர்வையால் மூடினேன். காடே இருக்கிற இடத்துக்கு ஒரு கன்று போனால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என் அறிவு. அப்போது பஸ்ஸுக்குள் பச்சைச் சீருடையில் ஏறினது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் குட்டி! பின்னால் அவளுடைய மேலதிகாரி, பெரிய மீசைக்காரர், சாவடியைப் பார்வையிட அன்றைக்கென்று பார்த்து வந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது.

"ஐயா, செடி கிடி ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

பெற்ற மகள் என்னை ஐயா என்கிறாள், அண்ணா! "இல்லீங்க மேடம்" என்றேன். உங்கள் தம்பி மனைவி என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி என்னைத் தாண்டிப் போய்விட்டாள், நானும் மூச்சு விட்டேன், அந்த நேரம் பார்த்து டிரைவர் பஸ்ஸை ஒரு முழம் பின்னால் நகர்த்தினார், தொட்டி கவிழ்ந்து, போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நடைபாதையில் மண்ணைச் சிந்திக்கொண்டே உருண்டு போய் மீசைக்காரரின் பூட்ஸில் முட்டி நின்றது.

"யாருதுய்யா இது?"

நான் கையைத் தூக்கினேன். "தெரிஞ்சவரா?" என்று அவர் குட்டியைக் கேட்டார்.

"எங்கப்பா சார்." குரல் கொஞ்சமும் ஆடவில்லை. "மத்தவங்களுக்கு என்ன நடவடிக்கையோ, அதையே எடுக்கிறேன் சார்."

இனி அவள் வேலை என்ன ஆகுமோ என்று நான் பயந்தேன். அவளோ ஊசிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஒவ்வொரு ஊசியிலும் சிவப்பு சிவப்பாகப் பட்டை, நடுவில் கறுப்புப் புள்ளிகள். அவள் முகம் வெளிறியது. என்னைச் சாவடிக்குப் பின்பக்கம் கூட்டிப்போய், "அந்தச் சரிவைப் பாருங்கப்பா" என்றாள். பார்த்தேன். மலை முழுக்கத் துருப்பிடித்த நிறம். கிளை நுனியில் மட்டும் கொஞ்சம் ஊசியோடு மரங்கள் நின்றன.

"தீப்பிடிச்சுதாம்மா?"

"இல்லப்பா. நீங்க கொண்டு வந்த அதே பூஞ்சைதான். முன்னல்லாம் இங்க குளிர் கடுமை, இதால பெருக முடியாது. இப்ப குளிரும் விட்டுப்போச்சு, கோடை தொடங்கிறப்ப நாள் கணக்கா தூறலும் போடுது. கதகதப்பும் ஈரமும் சேர்ந்தா இதுக்குக் கொண்டாட்டம். மழைத்துளி தெறிக்கத் தெறிக்க மரத்துக்கு மரம் தாவுது. வருஷா வருஷம் ஊசி கொட்டினா மரம் எதை வச்சுப்பா உயிரோட இருக்கும்?" அதுவரை ஆடாத குரல் அப்போது உடைந்தது. "நோய் வராதது மேல் சரிவு மட்டும்தான். என் வீட்டு வாசலும் அங்கதான் இருக்கு."

வாழ்த்துச் சொல்ல வந்தவன், வாசலிலேயே கொள்ளி வைக்கப் பார்த்திருக்கிறேன்.

கன்றை இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்தார்கள். சிந்தின மண்ணையும் விடாமல் கூட்டி அள்ளினார்கள். அப்பா என்று பார்க்காமல் என் மேல் அறிக்கை எழுதினாள் குட்டி. மீசைக்காரர் அதைப் படித்துவிட்டு, "நீ எழுதாம விட்டிருந்தா உன்னைப் பத்தி நான் எழுத வேண்டியிருந்திருக்கும்" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவள் திடீரென்று, "மேடமாம் மேடம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

ஆகவே அண்ணா, உங்கள் தோட்டத்து மரங்களைப் பார்க்க ஆள் வரும். கோபித்துக்கொள்ளாமல் கதவைத் திறந்துவிடுங்கள். ஆபத்து நீங்கிவிட்டது. நம் குடும்பத்தால் இந்த மலைக்கு ஒரு தீங்கும் வரவில்லை என்று தலைநிமிர்ந்து எழுதுகிறேன். அண்ணிக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி.

உங்கள் சொல் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் தம்பி மனைவி கைப்பையைத் திறந்து, ஈரத்துணி சுற்றிய இன்னொரு கன்றை என் முன்னால் வைத்தாள். ஒன்று பட்டுப்போனாலும் ஒன்று பிழைக்கட்டும் என்று அண்ணி ரகசியமாகக் கொடுத்தாராம். பஸ்ஸில் நடந்த களேபரத்தில் அந்தப் பையை யாரும் திறக்கவில்லை; இவளும் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. இதிலும் அதே சிவப்புப் பட்டை. வெளியே தூறல், ஜன்னலை ஒட்டிப் பச்சைப் பசேலென்று மரங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஆபத்து நீங்கிவிட்டது என்று மேலே எழுதினதைப் படிக்க வேண்டாம். "எதுக்கு அவகிட்ட சொல்லணும், அடுப்பில போட்டுடலாமே" என்கிறாள் இவள். குட்டியைக் கூப்பிட்டுவிட்டேன் அண்ணா. வந்துகொண்டிருக்கிறாள்.