மேற்படி நோயின் வரலாறு

அன்புள்ள நர்ஸ் அத்தைக்கு,

முதலில் மன்னித்துவிடுங்கள். முழங்கால் வலியோடு ஓய்வில் இருக்கிற உங்களுக்குக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்யலாமா என்று மூன்று நாளாக யோசித்து, நான்கு தாளைக் கிழித்து, இது ஐந்தாவது தாள். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் எனக்கு "ஹலோ"வுக்கு மேல் வார்த்தை வராது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அனைவரும் நலம் என்று எழுதவேண்டிய இடம் இது. நலமா இல்லையா என்று தீர்மானிக்க வெள்ளிக்கிழமை ஒரு குழு வருகிறது; அதனால் அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். நீங்கள் பதறிப்போய்க் கிளம்பி வரவெல்லாம் வேண்டாம். சும்மா தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். நீங்கள் முப்பது வருடம் வேலை பார்த்த நம் ஊர் ஆஸ்பத்திரியை மூடி, டவுன் ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்போவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மூடக்கூடாது என்றால், இத்தனை வருடம் இங்கே யாருக்கு என்ன வைத்தியம் நடந்தது என்று வரலாறு எழுதி அனுப்ப வேண்டுமாம். பஞ்சாயத்துத் தலைவர் நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஊர்லயே காலேஜ் முடிச்ச பொண்ணு நீதாம்மா. நாலு பக்கம் எழுதிக் குடு" என்றார். நான் படித்தது தாவரவியல் என்று மெதுவாகச் சொன்னேன். "செடிக்கே எழுதுவ, மனுஷனுக்கு எழுத மாட்டியா?" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி அலமாரிச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு மறுத்துப் பேச வராது, அத்தை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

தொடக்கம் நன்றாகத்தான் போனது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் நோயாளியைப் படுக்கவைத்த காலம், வாரம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்த டாக்டர், வண்டியை நிறுத்தாமலே நாக்கை நீட்டச் சொன்னது, பிறகு இரண்டு அறைக் கட்டடம், குழந்தைகளை நிறுக்கும் தராசு எல்லாம் எழுதினேன். அந்தத் தராசு நானூறு கிராம் கூடுதலாகக் காட்டியதால் நம் ஊரில் எடை குறைந்த குழந்தையே பிறந்ததில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. அதற்கப்புறம்தான் அந்தப் பெரிய பதிவேட்டைத் திறந்தேன். பதினோரு வருடம். பெயர், வயது எல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. 'நோய்' என்ற கட்டத்தில் மட்டும் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு வந்தவருக்கு நேராக 'மேற்படி.' ஏணியிலிருந்து விழுந்த கொத்தனாருக்கு 'மேற்படி.' பிரசவத்துக்கு வந்தவருக்கு மேற்படி, பிறந்த குழந்தைக்கும் மேற்படி. நான் பிறந்த தேதியைத் தேடிப் பார்த்தேன், எனக்கும் அதேதான். சரி, எதற்கு மேற்படி என்று முதல் பக்கத்து முதல் வரிக்குப் போனால், அங்கே செல்லரித்து ஒரு ஓட்டை. ஊரின் பதினோரு வருட நோயும் அந்த ஓட்டைக்குள் இருக்கிறது. அந்தக் கட்டத்தை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதன்படி அட்டவணை போட்டேன்: 'நோய்: மேற்படி. பாதிக்கப்பட்டோர்: பதினாலாயிரத்துச் சொச்சம். இறப்பு: இல்லை.' மேலிடத்தில் யாரோ அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. 'தங்கள் ஊரில் மட்டும் காணப்படும் மேற்படி நோய் குறித்து விசாரிக்க வரும் வெள்ளியன்று குழு வருகிறது. பதிவேட்டில் நோய் விவரம் எழுதியவர் நேரில் இருக்க வேண்டும்.'

அன்றிலிருந்து ஊரே படுத்துவிட்டது. டீக்கடைக்காரர், "எனக்கே ரெண்டு நாளா லேசா மேற்படி மாதிரிதான் இருக்கு" என்கிறார். தையல்காரர் பெண்டாட்டி அம்மாவிடம் வந்து, "ஏங்க்கா, இது தொத்துமா? என் வீட்டுக்காரர் தும்மினா எனக்குப் பகீர்னுது" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். தலைவரிடம் ஓடிப்போய், "அது நோய் இல்லீங்க, வெறும் வார்த்தை" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, "சத்தமாச் சொல்லாதம்மா. நோய் இருந்தாத்தானே ஆஸ்பத்திரிய மூட மாட்டான்? வெள்ளிக்கிழம வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். உண்மையைச் சொன்னால் பதிவேடு செல்லாது, ஆஸ்பத்திரி போய்விடும். சொல்லாவிட்டால் பொய் சொன்ன பாவம் என் தலையில். சோறு இறங்கவில்லை, அத்தை.

ஆனாலும் நீங்கள் வர வேண்டாம். பஸ்ஸில் ஏறி இறங்க உங்கள் முழங்கால் தாங்காது. எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம். அம்மா உங்களை ரொம்பவும் கேட்டதாக எழுதச் சொன்னாள். வேளாவேளைக்கு மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பி.கு: யார் எழுதியது என்று தெரியவில்லை என்றேனே, அது பொய். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. புள்ளி வைக்காத அந்த 'ற'வைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? என் மதிப்பெண் அட்டைகளில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்திலும் 'மேறபடி' என்றுதான் இருக்கும். நீங்கள் பிரசவ அறைக்குள்ளிருந்து "மேற்படி போடுறா தம்பி!" என்று குரல் கொடுப்பீர்களாம்; ஆஸ்பத்திரியைக் கூட்டிக்கொண்டிருந்த அப்பா துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து எழுதுவாராம். நீங்கள் எழுதிக்காட்டிய அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவருக்கு வேறு எழுதத் தெரியாது. இது அம்மாவுக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். குழு வருவதாகப் பதில் வந்த அன்று அப்பா கதவைச் சாத்திவிட்டு, "வந்தவன் எல்லார் முன்னாடியும் பேனாவக் குடுத்து எழுதிக் காட்டச் சொன்னா என்ன பண்ணுவேன்? வெள்ளிக்கிழமக்குள்ள காய்ச்சல்னு எழுதச் சொல்லிக்குடும்மா" என்றார். வர வேண்டாம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், அத்தை. நீங்கள் அவர் பக்கத்தில் நின்று, "நான் சொன்னேன், அவன் எழுதினான்" என்று சொன்னால் போதும். எனக்குத்தான் பேச வராதே. அப்பா 'காய்ச்ச' வரை வந்துவிட்டார். 'ல்' மட்டும்தான் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். நீங்களும் வந்துவிடுங்கள்.