குடை அங்கிளின் மேப்பிள்

வெயில் அடித்தாலே திருவிழாக் கொண்டாடும் நியூ ஜெர்சியில், வெயிலோடு நேருக்கு நேர் சண்டைக்கு நின்ற ஒரே மனிதர் எங்கள் குடை அங்கிள்தான்.

நாங்களெல்லாம் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, வெயில் எங்கே என்று தோட்டம் முழுக்க அலைவோம். எதிர்வீட்டு அங்கிளோ, பெரிய ஓக் மரத்தின் இருட்டு நிழலில் ஒரு குட்டி மேப்பிளை நட்டிருந்தார். பச்சைப் பட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். புடலங்காய் எழுந்து நின்ற மாதிரி இருக்கும்.

"பாவம் அங்கிள், கொஞ்சம் வெயில் படட்டுமே" என்றேன்.

"வாயைக் கழுவுப்பா! இது இந்த ஊர்க் காட்டு மரம். பெரிய மரத்தடியிலதான் வாழும். வெயில் பட்டா பட்டை வெந்துடும்."

என் வாய்முகூர்த்தமோ என்னவோ, அடுத்த புயலில் ஓக் சாய்ந்துவிட்டது. கொஞ்ச நாளிலேயே மேப்பிள் இலைகள் ஓரம் கருகின. அங்கிள் தன் அறுபதாம் கல்யாணத்துப் பட்டு வேட்டியை நாலு கம்பில் கட்டிப் பந்தல் போட்டார். குடியிருப்போர் சங்கத்து அம்மணி ஓடிவந்து, "நோ டென்ட்ஸ்!" என்றார். கையில் குடை பிடிக்கலாமா என்று கேட்டார் அங்கிள். அதற்கு விதியில் தடை இல்லையாம்.

அவ்வளவுதான். மறுநாள் முதல், மத்தியானமானால் அங்கிள் கறுப்புக் குடையோடு மரத்தருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆபீஸ் மீட்டிங்கும் அங்கேயேதான். குடை முழுக்க மரத்துக்கு, வெயில் முழுக்க அவருக்கு.

"எத்தனை நாளைக்கு அங்கிள் இப்படி?"

"இது வளர்றவரைக்கும்" என்று புதிதாக நட்ட ஓக் கன்றைக் காட்டினார். அது என் முழங்கால் உயரம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கும்பிடத்தான் தோன்றியது.

"எனக்கு ஒரு நாள் குடை பிடிச்சிருப்பாரா இந்த மனுஷன்? கேளுங்க!" என்பார் ஆண்ட்டி.

ஆகஸ்டில் ஒரு நாள் அங்கிள் வெயிலில் சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "குடை சாயாம பாத்துக்கோப்பா" என்றார். ஆண்ட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அவர் திரும்பும்வரை நான்தான் பிடித்தேன். மடியில் லேப்டாப், கையில் குடை. தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் காரைவிட்டு இறங்கி நேரே மரத்திடம்தான் போனார். இலை இலையாகத் தடவிப் பார்த்தார். புதிதாக ஒன்றுகூடக் கருகவில்லை. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா இப்படிக் கறுத்துட்டே!"

என் கையிலிருந்து குடையை வாங்கினார். மேப்பிளை அப்படியே வெயிலில் விட்டுவிட்டு, என் வீட்டு வாசல்வரை என் தலைக்குப் பிடித்துக்கொண்டே வந்தார்.